தெற்கு ஜன்னலும் துளசித் தொட்டியும்

டெல்லிக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் முதல் வருடத்திலேயே ஒரு தொட்டி துளசியும் ஒரு தொட்டி கறிவேப்பிலையும் வாங்கி வைத்துவிடுவார்கள். தை பிறப்பதற்குள் இரண்டும் குச்சியாகி நிற்கும். “இந்த ஊர் மண்ணுக்கு வராது சார்” என்று கைகழுவிவிடுவார்கள். மண்ணின் மேல் பழி போடுவது நியாயமல்ல என்பது என் கட்சி. கறிவேப்பிலை இமயமலை அடிவாரக் காடுகளில் தானாகவே முளைத்துக் கிடப்பது. ‘மீட்டா நீம்’ என்று கேட்டால் எந்த நர்சரியிலும் எடுத்துத் தருவான். எந்த மாதத்தில் எந்த ஜன்னலில் வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தண்டவாளப் பராமரிப்பில் காலத்தைக் கழித்து ஓய்வு பெற்ற டிப்ளமோ என்ஜினீயர் நான். தாவரவியல் படித்தவனல்ல. ஆனால் வெயில் எந்தக் கோணத்தில் விழும் என்று கணக்குப் போடத் தெரியும். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அங்கே ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். டெல்லியோ ஏறக்குறைய 28.6 டிகிரி. இங்கே சூரியன் ஒரு நாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை, வருடம் முழுவதும் நண்பகலில் தெற்கேதான் நிற்கும். ஜூன் 21 வாக்கில் 85 டிகிரி உயரத்தில் நிற்பது டிசம்பர் 21 வாக்கில் 38 டிகிரிக்கு இறங்கிவிடும்.

இதன் பலனைத் தெற்கு பார்த்த அறையில் பார்க்கலாம். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 7 அடி, அதே மட்டத்தில் வெளியே நீட்டிய சன்ஷேடு ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்வோம். ஜூன் நண்பகலில் ஒரு கீற்று வெயில்கூட உள்ளே வராது. டிசம்பர் நண்பகலிலோ ஏழரை அடி தூரம் தரையில் வெயில் படுத்திருக்கும். குளிரில் நாமெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் அந்த இடம்தான் நம் ஊர்ச் செடிகளுக்கும் உயிர்நிலை.

மயூர் விஹாரில் எங்கள் கட்டடத்தில், கும்பகோணத்திலிருந்து மகனோடு வந்துவிட்ட ஒரு வயதான அம்மா இருக்கிறார். முதல் ஜனவரியில் வடக்குப் பால்கனியில் இருந்த அவரது துளசி கருகிப்போயிற்று. “தம்பி, துளசி பட்டுப்போனா வீட்டுக்கு ஆகாதும்பாங்களே. நான் இங்க வந்த நேரமா?” என்று கேட்டார். மகனும் மருமகளும் சமாதானம் சொல்லி ஓய்ந்திருந்தார்கள். எனக்குச் சாஸ்திரம் தெரியாது. “அம்மா, ஜனவரி ராத்திரியில் இங்கே 5 டிகிரிக்குக் கீழேகூடப் போகும். துளசி 10 டிகிரிக்கே ஒடுங்கிவிடும். வடக்குப் பக்கம் குளிர்காலத்தில் பொட்டு வெயில் கிடையாது. உங்களால் ஒன்றும் இல்லை” என்றேன். அடுத்த தீபாவளி கழிந்ததும் புதுத் தொட்டியைத் தெற்கு அறைக்கு மாற்றினோம். இலை சிறுத்து, பாதி உதிர்ந்து, பார்க்கச் சுமாராகத்தான் இருந்தது. ஆனால் மார்ச்சில் துளிர்த்துவிட்டது. விளக்கேற்றுவதற்கு மட்டும் அறைக்குள் ஒரு மணையைப் போட்டுக்கொண்டார்.

துளசிக்குக் கதிர் விட்டதும் கிள்ளிவிட வேண்டும். விதை முற்ற விட்டால் செடி சீக்கிரம் தளர்ந்துவிடும். குளிரில் வாரம் ஒரு முறை தண்ணீர் போதும், பனிமூட்டம் விலகாத நாட்களில் அதுவும் வேண்டாம். விரலை ஓர் அங்குலம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் சொம்பைக் கீழே வைத்துவிடுங்கள். குளிரில் செத்த செடிகளைவிடக் குளிரில் தினமும் தண்ணீர் ஊற்றிச் செத்தவை அதிகம். இரவில் இலை கண்ணாடியைத் தொடாதபடி அரை அடி தள்ளி வையுங்கள். ரூம் ஹீட்டர் பக்கமும் ஆகாது.

கறிவேப்பிலை குளிரில் இலை கொட்டினால் பயப்பட வேண்டாம், அது ஓய்வெடுக்கிறது. பிடுங்கி எறிவதற்கு முன் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் ஹோலி வாக்கில் துளிர் வரும். அதுவரை உரம் போடக்கூடாது.

மேற்கு ஜன்னல் வேறு ரகம். கோடை வெயிலில் தண்டவாளத்தின் சூடு காற்றின் சூட்டைவிட 15, 20 டிகிரி கூடுதலாக இருக்கும். மே மாத மாலையில் மேற்கு ஜன்னலின் சிமெண்ட் திண்டும் அப்படித்தான் கொதிக்கும். அதன்மேல் நேராக வைத்த கம்லாவில் வேர் வெந்துபோகும். கீழே இரண்டு செங்கல்லோ மரப்பலகையோ கொடுங்கள். அங்கே தாக்குப்பிடிப்பவை கற்றாழை, கள்ளி வகைகள், மருள் ஆகியவைதான். குரோட்டன்ஸுக்கு நிறம் ஏற நல்ல வெளிச்சம் வேண்டும், ஆனால் மெல்லிய திரைக்குப் பின்னால். மணி பிளாண்டை நேர் வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். அதற்கு ஜன்னலிலிருந்து நாலடி தள்ளிய மூலையே போதும். வெற்றிலைக் கொடியை மட்டும் ‘லூ’ காற்று படும் இடத்தில் வைத்துவிடாதீர்கள், இரண்டே நாளில் காய்ந்துவிடும். கூலர் ஓடும் அறையின் ஈரப்பதம் அதற்குப் பிடிக்கும், நேர் வீச்சில் படாமல் இருந்தால் சரி.

கிழக்கு ஜன்னல் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். புதினா, கற்பூரவல்லி, கோடையில் துளசி என எதையும் வைக்கலாம்.

இன்னொரு விஷயம், மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர். ஜூன் பகலில் குழாயைத் திறந்தால் கை சுடும், ஜனவரி காலையில் விரல் விறைக்கும். இரண்டையும் அப்படியே வேரில் ஊற்றலாமா? முதல் நாள் இரவே ஒரு பக்கெட்டில் பிடித்து அறைக்குள் வைத்துவிட்டால் காலையில் பதமாக இருக்கும்.

நர்சரியில் தரும் மண் பெரும்பாலும் களிமண்ணாக இருக்கும், காய்ந்தால் கட்டியாகிவிடும். கொத்தனார்கள் பயன்படுத்தும் பருமணல் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, அந்த மண் இரண்டு பங்கு என்று கலந்து பிப்ரவரி கடைசியில் தொட்டி மாற்றுங்கள். டெல்லிப் புழுதி இலையில் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு நல்ல வேலை இது.

என்னிடம் கற்பூரவல்லி மண்டிக் கிடக்கிறது. ஒரு குச்சியை ஒடித்து நட்டாலே வேர் பிடித்துவிடும். வேண்டுவோர் அடுத்த சங்கக் கூட்டத்தில் கேளுங்கள், ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருகிறேன்.