கம்பெனி மாறியதும் மாடிக்கு 'நெட்' வரலையா? புது ரூட்டர் வாங்க ஓடாதீங்க!

வேப்பந்தட்டை:

கீழ் வீட்டில் அண்ணன், மாடியில் தம்பி. ஒரே இன்டர்நெட் இணைப்பு, பில் ஆளுக்குப் பாதி. பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை பக்கம் இப்படி பங்கு போட்டு நெட் வைத்திருக்கும் வீடுகளில், கம்பெனி மாறியதும் சில சமயம் தகராறும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

மாடியில் வைபை பெயர் காட்டும். பாஸ்வேர்டும் ஏற்கும். ஆனால் ஒன்றும் ஓடாது. "அண்ணன் அடைச்சிட்டாரு" என்று மாடியில் முணுமுணுப்பு. "புது கம்பெனி சரியில்லை" என்று கீழே திட்டு. தேர்வுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க கடைசி நாள் என்று பிள்ளைகள் கண்ணைக் கசக்கும். பாவம், பல வீடுகளில் இரண்டு பேர் மேலும் தப்பு இல்லை. வில்லன், மாடிக்கு ஏற்றிய பழைய ரூட்டர்!

நடப்பது இதுதான். பழைய கம்பெனியில் இருந்தபோது காசு போட்டு வாங்கிய ரூட்டரில் அந்த கம்பெனியின் யூசர் நேம், பாஸ்வேர்டு பதிந்திருக்கும். புது கம்பெனி கொடுக்கும் பைபர் பெட்டியிலேயே வைபை இருப்பதால், பழசை மாடிக்கு கொண்டுபோய் ஒயர் இழுத்து மாட்டி விடுகிறார்கள். அதுவோ இன்னும் பழைய கம்பெனியையே கூப்பிட்டுக்கொண்டு இருக்கும். கணக்கு முடிந்த பிறகு யார் பதில் சொல்வது?

முதலில் கீழே இருக்கும் புது பெட்டியைப் பாருங்கள். 'பான்' விளக்கு அணையாமல் பச்சையாக எரிந்தால் லைன் உயிரோடு இருக்கிறது. 'லாஸ்' விளக்கு சிவப்பாக மின்னினால் பைபர் அறுந்தோ, மடங்கியோ இருக்கிறது. அது கம்பெனி ஆள் வேலை. கரண்ட் ஒயர் மாதிரி பைபரை மடக்கி ஆணி அடிக்கக் கூடாது. கழற்றிய முனையை கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

கீழே நெட் நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் வேலை மாடியில்தான். ரூட்டரின் பின்னால் பொடி ஓட்டை இருக்கும். கரண்டில் இருக்கும்போதே குண்டூசியால் 10 நொடி அழுத்திப் பிடித்தால் பழைய கணக்கு அழிந்துவிடும். அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் புது வைபை பெயரும், செட்டிங் பக்கத்தின் முகவரியும் இருக்கும். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. அதை போனில் அடித்து உள்ளே போய், இணைப்பு வகையில் 'பிபிபிஓஇ' என்று இருந்தால் 'டைனமிக் ஐபி' என்று மாற்ற வேண்டும். கீழிருந்து வரும் ஒயர், தனியாக இருக்கும் 'வான்' துளையில் இருக்க வேண்டும். வேலை முடிந்தது.

அப்படியும் மக்கர் பண்ணினால், இரண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் குழம்புவார் இல்லையா, அதே கதைதான். மாடி ரூட்டரை 192.168.2.1 என்று மாற்றினால் போதும். வாட்ஸ்அப் ஓடி, வெப்சைட் மட்டும் திறக்காவிட்டால் 'டிஎன்எஸ்' என்ற இடத்தில் பழைய கம்பெனி எண் கிடக்கும். அதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி விடலாம்.

இன்னொரு ஐடியா: புது பெட்டிக்கும் பழைய வைபை பெயர், பாஸ்வேர்டையே வைத்துவிட்டால் டிவி, கேமரா, போன் பெரும்பாலும் தானாகவே சேர்ந்துகொள்ளும். வீட்டுக்கு வீடு பாஸ்வேர்டு கேட்டு அலைய வேண்டாம்.

பழைய ரூட்டர் கம்பெனி கொடுத்தது என்றால் மாடிக்கு ஏற்றாதீர்கள். திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கினால்தான் டெபாசிட் கேட்க முடியும்.

லைனிலேயே கோளாறு என்றால் போனில் சொன்னதோடு விடாமல் புகார் எண்ணை கட்டாயம் கேட்டு எழுதி வையுங்கள். தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2012-ல் கொண்டுவந்த விதிப்படி, புகார் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கே முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். வேகத்துக்கும் கணக்கு உண்டு. 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்புப்படி, குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேகம் இருந்தால்தான் அது பிராட்பேண்ட். மாடியில் வேகம் குறைந்தால் உடனே கம்பெனியைத் திட்டாமல், புது பெட்டியில் நேராக ஒயர் மாட்டி ஒருமுறை அளந்து பாருங்கள்.