மூன்று சக்கரம், இரண்டு பிரேக்

குருவிகுளத்துக்குக் கிழக்கே, கோவில்பட்டிப் பக்கமுள்ள பழைய ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ முனைந்திருக்கிறது. வந்துவிட்டால் கரிசல்காட்டு வானில் சின்ன விமானங்கள் வட்டமடிக்கும். அண்ணாந்து பார்ப்பவர்கள் இறக்கையைத்தான் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது கீழே நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று சக்கரங்களை. கற்றுக்கொள்பவர் செய்யும் தப்பையெல்லாம் தாங்குவது அவைதான்.

பயிற்சிப் பள்ளிகளில் உலகெங்கும் பழகிய முகம் செஸ்னா 172. 1956 முதல் 44,000க்கும் மேல் செய்துவிட்டார்கள். ஆள், எரிபொருள் எல்லாம் சேர்ந்து எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். லேண்டிங் கியர் எனப்படும் அதன் தரையிறங்கு சக்கரத்தொகுதி மடங்காது. காற்று தடுப்பதால் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் இறங்கும்போது சக்கரத்தை வெளியே விட மறக்கும் ஆபத்தே இல்லை. பெங்களூரு என்.ஏ.எல். ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா-என்ஜி பயிற்சி விமானம், 2022இல் கடல்மட்டச் சோதனைக்குப் புதுச்சேரி வந்ததும் மடங்காத சக்கரங்களோடுதான்.

செஸ்னாவின் பின்சக்கரக் கால்களில் ஆயில் இல்லை, பிஸ்டன் இல்லை. வளையும் எஃகு மட்டுமே. பந்தய விமானி ஸ்டீவ் விட்மனின் யோசனை இது. செஸ்னா உரிமம் வாங்கிப் பயன்படுத்தியது. முதலில் தட்டைப் பட்டையாக இருந்த கால் பின்னாளில் குழாயாக மாறியது. வளைந்த எஃகு வாங்கிய விசையைத் திருப்பித் தந்து விமானத்தை மேலே எறிய வேண்டுமே? ஓரளவு எறியத்தான் செய்யும். ஆனால் கால்கள் அகலும்போது டயர்கள் பக்கவாட்டில் தரையைத் தேய்க்கின்றன. அந்தத் தேய்மானமே மோதலில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது.

மூக்குச் சக்கரம் வேறு சாதி. அதன் காலுக்குள் அழுத்திய காற்றும் ஆயிலும் இருக்கின்றன. அடி விழுந்தால் காற்று சுருங்கும், ஆயில் சிறு துளை வழியே பிதுங்கி வேகத்தைத் தணிக்கும். என்றாலும் இது மென்மையான கால். அதனால்தான் பின்சக்கரங்களே முதலில் தரையைத் தொட வேண்டும் என்று ஆசிரியர்கள் ஓயாமல் சொல்கிறார்கள்.

இனி பிரேக். மூக்குச் சக்கரத்துக்கு அது கிடையாது. பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு டிஸ்க். வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும் மிதிகளின் மேல்விளிம்பைக் கால்விரலால் அழுத்தினால் அந்தந்தப் பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கும். எஞ்சினின் உதவி தேவையில்லை. எஞ்சின் நின்றாலும் பிரேக் நிற்காது. தரையில் மிதியை மட்டும் அழுத்தினால் மூக்குச் சக்கரம் 10 டிகிரி திரும்பும். ஒருபக்க பிரேக்கும் சேர்ந்தால் 30 டிகிரி வரை. ஸ்டீயரிங் வளையம்போலத் தெரியும் கைப்பிடிக்குத் தரையில் திருப்பும் வேலையே இல்லை. கார் ஓட்டிப் பழகியவர்கள் முதல் நாள் இதில் திணறாமல் இருப்பதில்லை.

ஒரு டன் விமானம் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 3 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். பிரேக்கை மட்டுமே நம்பி நிறுத்தினால் அத்தனை சூடும் அந்த இரண்டு டிஸ்குகளில்தான் இறங்க வேண்டும். வேகம் 100 ஆனால் சூடு ஏறக்குறைய கால்பங்கு கூடிவிடும். ஏனென்றால் இயக்க ஆற்றலின் சூத்திரத்தில் வேகம் வர்க்கமாக வருகிறது.

வேகத்தைச் சீக்கிரம் குறைக்க வேண்டுமே என்று தரை தொட்டதுமே பிரேக்கை அழுத்தி மிதிக்கவும் கூடாது. அப்போது எடையின் பெரும்பகுதியை இறக்கையே தாங்கிக்கொண்டிருக்கும். லேசாகத் தரையைத் தொடும் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். டயர் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும். இதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். இங்கே இல்லை. விமானியின் கால்விரல்தான் ஏ.பி.எஸ்.

பயிற்சி விமானத்தின் அருகே நிற்க வாய்த்தால், டயரையும் ரிம்மையும் இணைத்துத் தீட்டிய வண்ணக்கோட்டைத் தேடுங்கள். கோடு முறிந்திருந்தால் டயர் ரிம்மின்மேல் நழுவியிருக்கிறது. உள்ளே டியூபின் வால்வு இழுபடுகிறது. சரிபார்க்கும்வரை அந்த விமானம் கிளம்பக்கூடாது.