முதல் கவளம் – 7: பழம் மசிக்க மிக்ஸி எதற்கு?

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு முதலில் வாங்கவேண்டிய பழம் ஆப்பிள்தான் என்ற எண்ணம் நம் வீடுகளில் எப்படியோ வேர்பிடித்துவிட்டது. விலை ஏறிக் கிடக்கும் மாதங்களில்கூட, வீட்டுச் செலவில் வேறெதையாவது குறைத்துக்கொண்டு ஒன்றிரண்டு வாங்கி வருகிறார்கள். பிள்ளைக்குக் குறை வைத்துவிடக் கூடாதே என்கிற தவிப்பு அது. ஆனால் 100 கிராம் ஆப்பிளில் இருக்கும் வைட்டமின் சி ஏறக்குறைய 5 மில்லிகிராம். அதே எடைப் பப்பாளியில் 60 வரை உண்டு. கொய்யாவில் 200-க்கும் மேல்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? தாயின் வயிற்றிலிருந்து குழந்தை சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஆறு மாத வாக்கில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. சென்ற வாரம் பார்த்த கேழ்வரகிலும், பருப்பிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் உடல் அதை லேசில் வாங்கிக்கொள்ளாது. வைட்டமின் சி கூடவே போனால் கூடுதலாக உறிஞ்சும். கேழ்வரகுக் கூழ் ஊட்டிய கையோடு இரண்டு ஸ்பூன் பப்பாளி கொடுக்கச் சொல்வது அதனால்தான். பழத்தை மட்டுமே கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டால் இரும்புக்கும் புரதத்துக்கும் கொழுப்புக்கும் இடமிருக்காது. பழம் துணைக்கு வருவது. அதைச் சாப்பாடாக்கிவிடக் கூடாது.

நன்றாகப் பழுத்த பப்பாளியை வேகவைக்கத் தேவையில்லை. வெந்தால் வைட்டமின் சி கொஞ்சம் போய்விடும். கழுவி, இரண்டாக வெட்டி, விதையை வழித்துவிட்டு, ஸ்பூனால் சுரண்டினாலே கூழாக வரும். கொய்யாவுக்கு மட்டும் சல்லடை வேண்டும், விதைக்காக.

எங்கள் குமரி மாவட்டத்தில் பல் முளைக்காத வாய்க்கு முதல் பழம் மட்டி வாழை, இல்லாவிட்டால் ஏத்தம்பழம் என்கிற நேந்திரன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டியை அப்படியே மசித்துக் கொடுக்கலாம். ஏத்தனுக்குப் பக்குவம் வேறு. தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாக எடுத்து, தோலோடு மூன்று துண்டாக நறுக்கி, இட்லித் தட்டில் வைத்து ஆவி காட்டவேண்டும். பத்து நிமிடத்தில் தோல் வெடித்து விலகும். உள்ளே சதை மஞ்சளாக மினுங்கும். தோலை உரித்ததும் துண்டை நீளவாக்கில் பிளந்தால் நடுவில் கருப்பாக ஒரு நரம்பு ஓடும். “அத எடுத்துரு மக்ளே, புள்ள தொண்டையில ஒட்டும்” என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லாமல் இருக்கமாட்டார். கத்தி முனையால் நெம்பினால் முழுசாக வந்துவிடும். மிச்சத்தைக் கையாலேயே பிசையலாம். கெட்டியாக இருந்தால் ஒரு ஸ்பூன் தாய்ப்பாலோ, கொதித்து ஆறிய நீரோ போதும். பழமே இனிக்கும்போது சர்க்கரைக்கு வேலையில்லை. ஒரு வயது வரை உப்பும் சேர்க்கவேண்டாம். தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பிறந்த பிள்ளைக்குத் தேனால் சேனை தொடும் வழக்கம் உள்ள வீடுகளில் இதைப் பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லவேண்டும்.

மிக்ஸியில் அடித்தால் நைசாக வரும் என்பது உண்மைதான். ஆரம்பத்தில் ஒருசில வாரங்களுக்கு நைசான கூழ் சரி. ஆனால் தண்ணீராக ஓடும் கூழிலேயே குழந்தையை மாதக்கணக்கில் நிறுத்திவிடுகிறோமே, அதுதான் என் கவலை. மெல்லும் பழக்கம் பல்லுக்காகக் காத்திருப்பதில்லை. ஈறாலேயே நசுக்கப் பழகும். பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியான உணவைப் பார்த்த குழந்தைகளுக்கு ஊட்டுவது பின்னாளில் பெரும்பாடாக இருந்ததை பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. கையால் மசித்தால் கூழிலிருந்து கட்டிக்குப் போகும் படி தானாக அமையும். இந்த வாரம் விரலால் நன்றாகத் தேய்க்கிறீர்கள், அடுத்த வாரம் முள்கரண்டியால் நசுக்குகிறீர்கள், எட்டு மாத வாக்கில் மெத்தென்ற துண்டைக் குழந்தையின் கையிலேயே கொடுக்கிறீர்கள். பச்சை ஆப்பிள் துண்டும் முழுத் திராட்சையும் மட்டும் வேண்டாம், தொண்டையை அடைத்துவிடும். ஆப்பிள் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் தோலும் விதையும் நீக்கி, ஆவியில் குழைய வேகவையுங்கள். கூழைக் கரைத்துப் பால்புட்டியில் ஊற்றும் வேலை வேண்டவே வேண்டாம்.

பழம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன. அந்தக் கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கலாம். தடை இருந்தும் மாம்பழப் பருவம் வந்தால் கிடங்குகளில் சோதனையும் பறிமுதலும் நடந்தபடிதான் இருக்கின்றன. குழந்தைக்கென்று வாங்கும்போது காயாக ஒரு சீப்பு வாங்கி வீட்டிலேயே பழுக்க வையுங்கள். நாலைந்து நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

புதுப் பழத்தை ஆரம்பிக்கும்போது இரண்டு மூன்று நாள் வேறு புது உணவு எதையும் சேர்க்காமல் கொடுத்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் எதனால் என்று தெரியும். முதல்நாள் நாக்கால் தள்ளித் துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். விழுங்கத் தெரியாமலும் தள்ளும். சில குழந்தைகளுக்கு எட்டு பத்து முறை கொடுத்த பிறகே ஒரு ருசி பழகும். எச்சில் ஸ்பூன் பட்ட மிச்சத்தை எடுத்துவைக்கக் கூடாது. மசித்ததில் வேண்டியதை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுத்து ஊட்டுங்கள்.

மலத்தைக் கவனியுங்கள். வாழையும் ஆப்பிளும் சில குழந்தைகளுக்கு மலத்தை இறுக்கும், பப்பாளி இளக்கும். வாழைப்பழம் தின்ற மறுநாள் துணியில் கருப்பாக நூல்நூலாகத் தெரியும். புழு என்று பயந்து ஓடிவரும் தாய்மார் உண்டு. அது பழத்தின் நடுநரம்பும் விதைத் துணுக்கும்தான். ரத்தமோ, நிற்காத பேதியோ கண்டால் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அடுத்த வாரம்: பருப்பும் சோறும் குழைக்கும் பக்குவம்.

(தொடரும்)