கண் சிமிட்டினால்தான் வங்கிக் கணக்கா? உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரம்... இணையதளங்களில் எங்கே தவறு நடக்கிறது?

வங்கிக் கணக்கு தொடங்க செல்போன் கேமரா முன்பு கண்ணைச் சிமிட்ட வேண்டும். பெரும்பாலானோருக்கு ஒரு நொடி வேலை. ஆனால் ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒருவரால் சிமிட்ட முடியவில்லை. நேரில் இருப்பது உயிருள்ள நபர்தான் என்பதை ‘நிரூபிக்க’ வழியில்லாமல் அவர் நின்றார்.

இந்த வழக்கையும், பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் தொடர்ந்த வழக்கையும் சேர்த்து 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதிதான் என்றது நீதிபதிகள் ஜே.பி.பார்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு. கூடவே 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது.

சரி, தீர்ப்பு வந்தாச்சு. இதை நடைமுறையில் செய்ய வேண்டியது யார்? வேலையின் பெரும்பகுதி, இணையப் பக்கத்தின் முகப்பை எழுதும் ஃபிரண்ட் எண்ட் டெவலப்பரிடம்தான் வந்து நிற்கிறது.

பட்டன் மாதிரி இருந்தால் போதுமா?

பார்வையற்றவர்கள் ஸ்கிரீன் ரீடர் மூலம் இணையத்தைக் காதால் ‘படிக்கிறார்கள்’. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ. இவை பெரும்பாலும் திரையின் தோற்றத்தை அல்ல, அதன் பின்னால் உள்ள எச்டிஎம்எல் சொல்வதையே படிக்கின்றன.

சிக்கல் இங்கேதான். ‘சமர்ப்பி’ என்பதை ‘பட்டன்’ என்ற குறியீட்டில் எழுதினால், “சமர்ப்பி, பட்டன்” என்று குரல் சொல்லும். டேப் கீயை அழுத்தி அங்கே போகலாம், என்டர் தட்டினால் வேலை நடக்கும். இத்தனையையும் பிரவுசரே செய்து தருகிறது. அதையே ‘டிவ்’ என்ற வெறும் பெட்டியில் எழுதி, நிறம் பூசி, கிளிக் மட்டும் சேர்த்தால்? பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். கேட்பவருக்கு அங்கே பட்டனே இல்லை. கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாமல் கீபோர்டை மட்டும் நம்பியிருப்பவருக்கும் அதே கதிதான். மொத்தப் படிவத்தையும் நிரப்பிவிட்டு, கடைசிப் படியில் மாட்டிக்கொள்ள வேண்டியது.

கட்டங்களும் இப்படித்தான். பெயர் எங்கே, பிறந்த தேதி எங்கே என்று ‘லேபிள்’ போட்டு இணைக்காவிட்டால், “எழுதும் கட்டம்... எழுதும் கட்டம்...” என்றே குரல் சொல்லிக்கொண்டிருக்கும். எதில் எதை எழுதுவது?

தமிழ்ப் பக்கங்களில் கூடுதல் தலைவலி

பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்-லில் ஒரு சொல்லில் குறிப்பிட வேண்டும். அந்த இடத்தில் ஆங்கிலம் என்று இருந்தால், ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கத் திணறும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ள பக்கங்கள் இன்னும் மோசம். யூனிகோட் வராத காலத்து வழக்கம் அது. திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகள். ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் வாசிக்கும். முழு அறிவிப்பையும் படமாகப் பதிவேற்றி, ‘ஆல்ட்’ என்ற மாற்று விளக்கம் எழுதாமல் விட்டால் அதுவும் கிடையாது.

விதி என்ன சொல்கிறது?

இதற்கான உலகளாவிய வழிகாட்டுதல் டபிள்யூ.சி.ஏ.ஜி. முதல் பதிப்பு 1999-ல் வந்தது, 2.2 பதிப்பு 2023 அக்டோபரில். உதாரணமாக, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது இரண்டாம் நிலையான ‘ஏஏ’. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து ஸ்டைலாக இருக்கலாம். வெயிலில் போனைப் பார்ப்பவருக்கே அது தெரியாது. இந்தியாவில் ஐ.எஸ். 17802 என்ற தரநிலை இருக்கிறது.

ஒரே வரி ஸ்கிரிப்ட் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கப்படும் கருவிகளும் உண்டு. நம்பிவிட வேண்டாம். எந்த இணையதளத்தையும் இந்தத் தரநிலைக்கு ஏற்ப மாற்றித் தருவதாக விளம்பரம் செய்த நிறுவனம் ஒன்று 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025-ல் உத்தரவிட்டது.

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. டெவலப்பர் முதலில் மவுஸை ஓரமாக வைத்துவிட்டு டேப் கீயால் மட்டும் தன் பக்கத்தைச் சுற்றி வரலாம். பிறகு போனில் டாக்பேக்கை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு, தானே எழுதிய படிவத்தை ஓடிபி வரை நிரப்பிப் பார்க்கலாம். எந்த இடத்தில் நிற்கிறாரோ, அங்கிருந்து திருத்தத் தொடங்கலாம்.