கூட வருபவர் கேட்கக் கூடாத கேள்வி

போக்சோ வழக்கில் குழந்தையோடு நீதிமன்றத்துக்கு வரும் 'ஆதரவு நபர்' யார் என்று கேட்டுக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அவர் வக்கீலா, போலீஸ் அனுப்பும் ஆளா, காசு கொடுக்க வேண்டுமா, அவரும் கூண்டில் ஏறுவாரா என்று பலவிதமான சந்தேகங்கள். எழுதியவர்களில் சிலருக்குச் சம்மன் வந்துவிட்டது, வாய்தாவுக்கு அதிக நாள் இல்லை. அவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை: உங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு இன்றே எழுத்தில் மனு கொடுங்கள், நகலை அரசு சிறப்பு வழக்கறிஞரிடம் கொடுங்கள். ஆதரவு நபரின் துணை புலன்விசாரணை, நீதிமன்ற விசாரணை இரண்டுக்கும் உரியது. ஆகவே குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டாலும் கேட்கலாம்.

2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி, குழந்தை, பெற்றோர் சம்மதத்துடன் ஆதரவு நபரை நியமிப்பது குழந்தைகள் நலக் குழு. நியமித்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை அதைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தச் 'சம்மதம்' பல இடங்களில் தட்டிக்கழிக்கும் வழியானது. புகார் கொடுத்த பதற்றத்தில் இருக்கும் தாயிடம் விளக்கம் ஏதும் இல்லாமல் 'வேண்டுமா, வேண்டாமா' என்று கேட்டால் அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். 2023 ஆகஸ்ட் 18 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஆதரவு நபரின் தேவையைப் பெற்றோரின் முடிவுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது, இப்படியோர் உரிமை இருப்பதை ஒவ்வொரு வழக்கிலும் சொல்லியாக வேண்டும் என்றது. அதன்பின், நியமித்துவிட்டோம் என்று அதிகாரிகள் தரும் கணக்கை நான் அப்படியே ஏற்பதில்லை. அந்தக் கணக்கு உத்தரவுகளின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. சாட்சி சொன்ன நாளில் அவர் வராண்டாவில் குழந்தையின் பக்கத்தில் இருந்தாரா என்பதைச் சொல்வதில்லை. நியமிக்கப்பட்டவரின் பெயர்கூடத் தெரியாத பெற்றோர் நமக்கு எழுதியிருக்கிறார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆதரவு நபரின் வேலைகளாக விதிகள் சொல்பவற்றைப் பாருங்கள். நடைமுறையை விளக்குவது, வழக்கின் நிலையைத் தெரிவிப்பது, பாதுகாப்பு குறித்த குழந்தையின் பயத்தையும் எந்த முறையில் சாட்சி சொல்ல விரும்புகிறது என்பதையும் உரியவர்களிடம் சேர்ப்பது, ரகசியம் காப்பது. நடந்த சம்பவத்தைப் பற்றிப் பேசுவது அவற்றில் இல்லை. முறையான பயிற்சி பெற்றவர்கள் இதில் கறாராக இருப்பார்கள். குழந்தையை முன்கூட்டியே அழைத்துப்போய், ஆளில்லாத நேரத்தில் நீதிமன்ற அறையைக் காட்டுவார்கள். நீதிபதி உட்காருமிடம், குழந்தை உட்காருமிடம், கழிப்பறை, தண்ணீர் என்று எல்லாவற்றையும் காட்டுவார்கள். 'தெரியாது' என்பதும் ஒரு பதில்தான், கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்லலாம், களைத்துப்போனால் இடைவேளை கேட்கலாம் என்று சொல்லிவைப்பார்கள். ஆனால் 'என்னம்மா நடந்தது?' என்ற கேள்வியை மட்டும் கேட்கமாட்டார்கள்.

குறுக்கு விசாரணையைக் கேட்டிருந்தால் காரணம் விளங்கும். குழந்தை சாட்சிக்கு எதிராக எதிர்த்தரப்பு எப்போதும் எடுக்கும் வாதம், 'சொல்லிக்கொடுத்துச் சொல்கிறது' என்பது. கேள்விகள் இப்படிப் போகும்: இன்றைக்கு யாரோடு வந்தாய்? அக்காவோடு. அந்த அக்கா என்ன சொல்லிக்கொடுத்தார்? போக்சோ சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி வக்கீல் குழந்தையிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். இருந்தாலும் இது கேட்கக்கூடிய கேள்விதான். 'எங்கே உட்காரணும்னு சொன்னாங்க, பயமா இருந்தா ஜட்ஜ்கிட்ட சொல்லலாம்னு சொன்னாங்க' என்று குழந்தை உண்மையாகவே பதில் சொல்ல முடிந்தால் அந்த வாதம் அங்கேயே விழுந்துவிடும். அக்கா சம்பவத்தைக் கேட்காததே குழந்தையின் சாட்சியத்துக்குக் காவல். அன்பினால் செய்யும் வேலையில் இந்த அளவு தன்னடக்கம் தேவைப்படுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் சாட்சிகளுக்குத் துணைநிற்கும் தன்னார்வலர்களுக்கும் இதே கட்டுப்பாடுதான்: நீதிமன்றத்தைப் பற்றி எதையும் பேசலாம், சாட்சியத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

இந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. ஒரு கொலை வழக்கில், சாட்சியம் அளிப்பதற்கு முந்தைய நாள் சாட்சிகளைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து எப்படிச் சொல்ல வேண்டும் என்று போலீஸார் சொல்லிக்கொடுத்தது குறுக்கு விசாரணையில் வெளிவந்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை வன்மையாகக் கண்டித்து, தண்டனை பெற்றவர்களை விடுவித்தது. சாட்சிகள் குழந்தைகளாக இல்லாத வழக்கிலேயே இந்த நிலை.

என்னைக் கவலைப்பட வைப்பது விதிகளின் இன்னொரு பகுதி. ஆதரவு நபராகக் குழந்தை உரிமைக்காக உழைக்கும் தனிநபரோ அமைப்போ இருக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஊழியரும் இருக்கலாம், குழந்தை தங்கியிருக்கும் இல்லத்தின் அலுவலரும் இருக்கலாம். வெளியாட்களுக்குத் தரும் ஊதியம் திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது என்கிறது விதி. கைக்கெட்டும் தூரத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர் இருக்கும்போது அவர் பெயரை எழுதிவிடுவது நிர்வாகத்துக்குச் சுலபம். ஆனால் குழந்தை முதன்முதலில் வாய் திறந்தது அந்த இல்ல அலுவலரிடமாகவே இருக்கலாம். அப்படியானால் அவரே வழக்கில் ஒரு சாட்சி. பின்னால் விசாரிக்கப்பட வேண்டியவர், குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் சாட்சியம் முழுவதையும் கேட்டுவிட்டால், இருவர் சொல்வதன் மீதும் சந்தேகம் கிளப்ப எதிர்த்தரப்புக்கு நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும். ஆகவே நியமன உத்தரவு கைக்கு வந்ததும் ஒன்றைச் சரிபாருங்கள்: ஆதரவு நபரின் பெயர் குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் வேறொருவர் வேண்டும் என்று குழுவிடம் உடனே எழுதிக் கேளுங்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

அவர் வக்கீலா? இல்லை. குழந்தையின் சார்பில் தனியாக வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை 40ஆம் பிரிவில் இருக்கிறது, வசதியில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவியும் உண்டு.

அவருக்கு நாங்கள் பணம் தர வேண்டுமா? ஒரு பைசா வேண்டாம்.

குழந்தைக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றால்? குழந்தை கேட்டுக்கொண்டாலே குழு அவரை விடுவிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

குற்றஞ்சாட்டப்பட்டவர் எதிரே நிற்பாரா? சாட்சி சொல்லும்போது அவர் குழந்தையின் பார்வையில் படக் கூடாது என்கிறது 36ஆம் பிரிவு. சட்டம் கதவுக்கு உள்ளே காப்பாற்றுகிறது. வெளியே வராண்டாவில் அவருடைய உறவினர்கள் அதே பெஞ்சில் வந்து உட்காரலாம். அந்த நேரத்துக்குத்தான் துணை அதிகம் தேவை, தனி அறை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

அப்பா, அம்மா உள்ளே வரலாமா? வரலாம், அவர்களும் சாட்சிகளாக இல்லாத வரை சிக்கல் இல்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் இப்படித் துணை உண்டா? அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவு, தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் உதவியைப் பெறும் உரிமையைத் தருகிறது.

மிரட்டல் இருந்தால்? அது ஆதரவு நபரால் தீராது. 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு செய்யுங்கள்.

சாட்சி சொன்னதோடு அவர் வேலை முடிந்ததா? இல்லை. விசாரணை முடியும் வரை அவர் உடனிருக்க வேண்டும். தீர்ப்புக்கு முன்பே இடைக்கால இழப்பீடு கேட்கலாம் என்பதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.