கையில் ஒரு நூல் இருக்கட்டும்



வீட்டு வேலை முடிவில்லாத வேலை. காலையில் ஆக்கிய சோறு பகலோடு முடிந்துவிடுகிறது. கழுவி உலர்த்தி மடித்து வைத்த உடுப்பு மறுநாளே அழுக்குக் கூடைக்குத் திரும்பி வருகிறது. சுபஹுக்குப் பின் கூட்டிய முற்றத்தில் அஸருக்குள் சருகு நிறைந்துவிடுகிறது. நாள் முழுவதும் ஓடியாடி உழைத்த பெண் இரவில் தலைசாய்க்கும்போது, “இன்று நான் செய்தது இதுதான்” என்று எடுத்துக் காட்ட அவளிடம் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. “வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்” என்ற ஒரு சொல் அவளை அத்தனை சுடுவதற்குக் காரணமும் இதுதான்.

கைப்பின்னல் தரும் மகிழ்ச்சியை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். இன்று நீங்கள் பின்னிய நான்கு வரிசை நாளையும் அப்படியே இருக்கும். அதை யாரும் உண்டு முடிப்பதில்லை, அது அழுக்காகி மறுபடி உங்களிடம் வேலை கேட்பதுமில்லை. நாளை அதன் மேல் ஐந்தாவது வரிசை ஏறும். அடுப்பில் கறி கொதிக்கும் பத்து நிமிடமும், பிள்ளை பாடம் ஒப்புவிக்கும் அரை மணி நேரமும் அதற்குப் போதும். கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஒரே அசைவைக் கைகள் திரும்பத் திரும்பச் செய்யும்போது மனதின் இரைச்சலும் மெல்ல அடங்கிவிடும்.

நமக்குப் புதியதா?

ஊசிப் பின்னல் வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை வேறு. இரட்டை ஊசிப் பின்னலுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகள் முஸ்லிம்கள் ஆண்ட எகிப்திலிருந்து வந்தவை. அவை 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட பருத்திக் காலுறைகள். நீலமும் வெள்ளையுமாக, இன்றைய கைகளும் வியக்கும் நுட்பத்தோடு பின்னப்பட்டவை.

ஸ்பெயின் நாட்டின் பர்கோஸ் நகரில் லாஸ் உவெல்காஸ் என்ற மடாலயம் உள்ளது. 1275இல் இறந்த இளவரசர் பெர்னாண்டோ டி லா செர்டாவின் கல்லறை அங்கே இருக்கிறது. அதில் பட்டு நூலால் பின்னிய தலையணை உறை ஒன்று கிடைத்தது. அதன் ஓரத்தில் கூஃபி எழுத்தில் ஓர் அரபுச் சொல் பின்னப்பட்டிருந்தது. அச்சொல் ‘பரகத்’. கிறிஸ்தவ இளவரசரின் தலைக்கடியில் முஸ்லிம் கைவினைஞர் பின்னிய பரகத்! அதைப் பின்னியவர் ஆணா பெண்ணா, பெயர் என்ன என்று எவருக்கும் தெரியாது. எழுநூறு ஆண்டுகள் கடந்தும் அவர் கைவேலை மட்டும் நிற்கிறது.

நெசவும் நமக்கு அந்நியமல்ல. மஸ்லின் என்ற துணிப் பெயர் ஈராக்கின் மூசில் நகரையும், டமாஸ்க் என்பது டமஸ்கஸ் நகரையும் நினைவூட்டுபவை. அவ்வளவு தூரம் போவானேன்? கல்முனைக்கு அருகிலுள்ள நமது மருதமுனையின் கைத்தறிச் சாரத்தையும் சேலையையும் அறியாத வீடு உண்டா? கிழக்கிலே நமது உம்மும்மாமார் பன்னைக் காயவைத்துச் சாயமிட்டு இழைத்த பாயும், ஒன்றின் மேல் ஒன்று கீழ் என்று போகும் நெசவுதான். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தபோது பல தறிகள் ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோளும் மருதமுனையைக் கடுமையாகத் தாக்கியது. இத்தனையையும் தாண்டி வந்த கைத்தொழில் அது.

எப்படித் தொடங்குவது?

முதலில் நூல். கரையோர ஊர்களின் வெக்கைக்குப் பருத்தி நூலே ஏற்றது. நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துச் சகோதரிகளுக்குக் கம்பளி நூல் பயன்படும். நடுத்தரத் தடிப்புள்ள நூலும், 4 மில்லிமீற்றர் ஊசி ஒரு சோடியும் வாங்குங்கள். வெளிர் நிற நூலாக இருந்தால் கண்ணிகள் தெளிவாகத் தெரியும்.

இருபது கண்ணி ஏற்றி, எல்லா வரிசையையும் ஒரே விதமாகப் பின்னிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணிப் பாருங்கள். இருபது இருபத்தொன்றாகவோ பத்தொன்பதாகவோ ஆகியிருந்தால் அந்த வரிசையிலேயே பிழையைப் பிடித்துவிடலாம்.

உடுப்புப் பின்னுமுன் ஒரு சிறு துண்டு பின்னி அளந்து கொள்வது அவசியம். சிலர் கை இறுக்கம், சிலர் கை தளர்வு. 10 சென்ரிமீற்றரில் உங்களுக்கு 22 கண்ணி வருகிறதென்றால், 30 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 66 கண்ணி வேண்டும். இந்தக் கணக்கைத் தவிர்த்தால் மகனுக்குப் பின்னியது தம்பிக்குத்தான் பொருந்தும்.

வீட்டாருக்கு ஒரு தொப்பி

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே இன்னும் இலகு. அதில் முதல் முயற்சியாக ஒரு தொழுகைத் தொப்பி பின்னலாம். நடு உச்சியில் சிறு வளையமிட்டு, அதனுள் ஆறு கண்ணி எடுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டாக, மொத்தம் 12. பின்னர் 18, 24, 30 என்று சுற்றுக்கு ஆறு கண்ணிகளை இடைவெளி விட்டுக் கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாக விரியும். ஓரம் அலை அலையாக நெளிந்தால் கூடுதலாகச் சேர்த்துவிட்டீர்கள், கிண்ணம்போல் குவிந்தால் குறைத்துவிட்டீர்கள்.

எங்கே நிறுத்துவது? தலையின் சுற்றளவு 54 சென்ரிமீற்றர் என்றால், வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் ஆனதும் போதும். சுற்றளவை 3.14ஆல் பிரித்தால் இந்த அளவு கிடைக்கும். அதன்பின் கண்ணி கூட்டாமல் சுற்றிக்கொண்டே போக, பக்கங்கள் தாமாகக் கீழே இறங்கும்.

பலகைச் சட்டத்தில் ஒரு தறி

நெசவைச் சுவைத்துப் பார்க்க விரும்புவோருக்குப் பெரிய தறி தேவையில்லை. உறுதியான மரச்சட்டம் ஒன்றின் மேலும் கீழும் ஒரு சென்ரிமீற்றருக்கு ஓர் ஆணி அடியுங்கள். உறுதியான பருத்தி நூலை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டினால் அதுவே பாவு. பழைய சாரத்தையும் சேலையையும் இரண்டு விரல் அகலக் கீற்றுகளாகக் கிழித்து, ஓரிழைக்கு மேல் ஓரிழைக்குக் கீழ் என்று ஊடையாகக் கோத்து, பெரிய பல் சீப்பினால் அழுத்தி விடுங்கள். வாசலுக்குக் கால்மிதி தயார்.

புதிதாக நெய்வோர் எல்லோருக்கும் நேரும் குறை ஒன்றுண்டு. நெய்ய நெய்ய நடு ஒடுங்கி, இடை சிறுத்துப் போகும். கீற்றை இறுக்கி இழுக்காமல் வில்போல் சற்று வளைத்து வைத்துப் பின் அழுத்தினால் ஓரம் நேராக வரும்.

பிரிப்பதற்கு அஞ்ச வேண்டாம்

துணியைப் பிழையாக வெட்டினால் வெட்டியதுதான். பின்னலோ அப்படியல்ல. பிடிக்காவிட்டால் இழுத்துப் பிரித்து, நூலை நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் நீங்கிவிடும். அதே நூலில் மறுபடி தொடங்கலாம். பிழையைத் திருத்த இத்தனை தாராளமாக இடந்தரும் வேலை வேறேது?

சில எச்சரிக்கைகள்: அரை மணிக்கொரு முறை கைகளை நீட்டி மடக்கி ஓய்வு கொடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் பின்னாதீர்கள். ஊசிகளைத் தவழும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பெண் பிள்ளைக்கு மட்டுமின்றி ஆண் பிள்ளைக்கும் பழக்குங்கள். மருதமுனைத் தறிகளில் அமர்ந்த ஆண்கள் எத்தனையோ பேர்.

“இதை விற்றால் என்ன கிடைக்கும்?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். விற்க விரும்பினால் விற்கலாம், தவறில்லை. ஆனால் உங்கள் முதற் பின்னலை விலை பேசாதீர்கள். நாளெல்லாம் பிறருக்காக இயங்கும் கைகள், தம் மகிழ்ச்சிக்காகவும் சிறிது நேரம் இயங்கட்டுமே.

இன்னொரு பயனும் உண்டு. ஒரு முழக் கால்மிதிக்கே எத்தனை மாலைகள் போயின என்று உங்கள் விரல்களுக்குத் தெரிந்துவிடும். அதன்பின் கைத்தறிச் சேலையைக் கையிலெடுத்து, “இதற்கு இவ்வளவா?” என்று கேட்க உங்களுக்கு வாய் வராது. எங்கோ ஒரு வீட்டில் தறி ஓயாமலிருக்க அந்த ஒரு மௌனமும் உதவும்.

இந்த வாரமே ஓர் உருண்டை நூல் வாங்குங்கள், சகோதரிகளே. இருபது கண்ணி ஏற்றுங்கள். மற்றதைக் கைகள் கற்றுக்கொள்ளும்.