பஞ்சு சிவந்தால் மெஷினை நிறுத்துங்கள்

எங்கள் தெருவில் 1997 மாடல் மாருதி 800 ஒன்று நிற்கிறது. சிவப்பு வண்டி. வெயில் குடித்துக் குடித்து பானெட் மட்டும் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்துவிட்டது. வண்டிக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். போன சித்திரையில் ஒரு வாட்டர் வாஷ் கடையில், “சார், வாக்ஸ் போட்டா புதுசாயிடும்” என்றார்கள். மெஷினில் மாட்டிய பஞ்சு, சுற்றச் சுற்றக் குங்குமமாகச் சிவந்தது. “எவ்ளோ அழுக்கு பாருங்க” என்று பையன் காட்டினான். வண்டி பளபளவென்றுதான் வீடு வந்தது. மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால், பானெட்டின் மடிப்பு விளிம்பில் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறப் பிரைமர்.

பையன் காட்டியது அழுக்கல்ல, பெயிண்ட். மெஷினில் போட்டதும் மெழுகல்ல, ரப்பிங் காம்பவுண்ட்.

மெழுகு பெயிண்டின் மேல் படலமாக உட்காரும். காம்பவுண்ட் பெயிண்டையே சீவி எடுக்கும். போதாதற்கு ‘கிளீனர் வாக்ஸ்’ என்று ஒன்று உண்டு. பெயரில் மெழுகு, உள்ளே நுண்ணிய உரசுபொடி. கம்பெனியில் அடித்த பெயிண்ட் மொத்தமே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். விளிம்புகளில் மெஷினின் அழுத்தம் கூடும் என்பதால் அங்கேதான் முதலில் தேயும். முன்பே நாலைந்து தடவை பாலிஷ் கண்ட பழைய வண்டியில் சீவ என்ன மிச்சமிருக்கும்?

ஆகவே மெழுகு வாங்கும் முன் பெயிண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வண்டிகள் பலவற்றில், மெட்டாலிக் அல்லாத நிறங்களில், நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சுதான். பின்னால் வந்தவற்றில் நிறத்தின் மேல் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற பூச்சு இருக்கும். வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டு, கதவின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். வண்டியின் நிறம் துணியில் ஏறினால் ஒற்றைப் பூச்சு. கிளியர் கோட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தால் எந்த மெழுகுக்கும் செலவு செய்யாதீர்கள். அது பெயிண்டர் வேலை.

ஒற்றைப் பூச்சு மங்கியிருந்தால், ஒரே ஒரு முறை மிருதுவான பாலிஷைக் கையால் போட்டு, பிறகு உரசுபொடி இல்லாத மெழுகு பூசலாம். கார்னோபா என்பது பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையில் கிடைக்கும் மெழுகு. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். தனியாக இருந்தால் கல்போல் இறுகிக் கிடக்கும். கரைப்பான் கலந்தால்தான் பூச வரும். டப்பா முழுக்க ‘100 சதவீதம் கார்னோபா’ என்றால் நம்பாதீர்கள். நிழலில் நிற்கும் வண்டிக்குக் கார்னோபா கலந்த மெழுகு போதும். தெருவிலேயே காயும் வண்டிக்குச் செயற்கை சீலன்ட்தான் என் தேர்வு, அதிக நாள் நிற்கும். சீக்கிரம் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் சிலிகான் கலந்தது வேண்டாம். புதுப் பெயிண்ட் மீன்கண் மாதிரி குழி குழியாக விலகும். எதுவானாலும் நிழலில், தகடு ஆறிய பிறகு, மெல்லிசாகப் பூசுங்கள். கரைப்பான் தீப்பற்றும், அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் டப்பாவை வைக்காதீர்கள்.

‘டெஃப்லான் கோட்டிங்’ பற்றியும் கேட்பீர்கள். தோசைக்கல்லில் அதை ஒட்டவைக்க 300 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். வாட்டர் வாஷ் கடையில் அந்த அடுப்பு எங்கே இருக்கிறது? செராமிக் விளம்பரத்தில் வரும் ‘9எச்’ என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவு. வைரத்தின் கடினத்தோடு அதற்கு உறவில்லை.

இனி சட்டம். டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகார் எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். குடுவையில் ஊற்றித் தரும் பெயரில்லாச் சரக்கைத் தவிருங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். பெயிண்ட் போனால் அது சேவைக் குறைபாடு. முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை.

வாத்தியாரிடம் பில் இல்லை. வேலைக்கு முன் பானெட் எப்படி இருந்தது என்பதற்குப் படமும் இல்லை. நீங்கள் வண்டியை விடும்போது நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளைப் போடுகிறார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மெஷின் ஓடும்போது டீ குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.